லேபிள் இல்லாத கசெற்

1996 மார்ச் 2, சனி
மைனஸ் பதினொன்று. மல்வேர்ன் பஸ் நாற்பது நிமிடம் பிந்தி. வாங்க: பால், பாண், வெற்று வீடியோக் கசெற்.

கசெற்றை மறந்துவிட்டேன். இரண்டு மணிக்கு ரீவீயில் பழைய ஜப்பான் நாடகத்தின் கடைசிப் பாகம். மனைவி யோ. வேலையில். அவளும் தங்கை வசந்தியும் ஊரில் கார் பற்றரியில் ரீவீ ஓட்டிப் பார்த்த நாடகம். முடிவு பார்க்கக் கிடைக்கவில்லை. நவம்பரில், இடம்பெயர்ந்த இடத்தில் வசந்தி காய்ச்சலில் செத்துப்போனபின், யோ. வாய் திறப்பது இந்த நாடகத்துக்கு மட்டும்.

கொழும்பிலிருந்து வந்தவர் நேற்றுத் தந்த பார்சலில், மிளகாய்த்தூளோடு ஒரு கசெற். லேபிள் இல்லை. போட்டால் வெறும் கோடு. பழுது. பதிவைத் தடுக்கும் ஓட்டையை ரேப்பால் ஒட்டி, நாடகத்தை அதன்மேல் பதிந்தேன். இரவு வேலைக் களைப்பு, நிறுத்தாமல் தூங்கிப்போனேன்; விழித்து நிறுத்தியபோது கசெற் முடியக் கொஞ்சம்தான் மிச்சம்.

மார்ச் 3, ஞாயிறு
யோ. இரண்டு தரம் பார்த்தாள். ஜப்பான் மொழி ஒரு சொல் விளங்காது. "தாயைத் தேடித்தான் போறாள்." கதையை அவளே சொல்கிறாள். சிரித்தாள், நவம்பருக்குப் பிறகு முதல் தடவை. எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

மார்ச் 9, சனி
மாமாவின், யோ.வின் அப்பாவின், கடிதம், என் பெயருக்கு. "கசெற் கிடைச்சிருக்கும். வசந்தியின்ர கலியாணம் அதிலைதான் இருக்கு. செக்பொயின்ரிலை பிரச்சினை வருமெண்டு லேபிளை உரிச்சனான். வேறை கொப்பி இல்லை. யோகம் தங்கச்சியைக் கூறையோடை ஒருக்காப் பாக்கட்டும்."

கடிதம் என் ஜாக்கெற் பைக்குள்.

மார்ச் 11, திங்கள்
உறைமழை. வோபர்னில் வீடியோக் கடை. கடைக்கார அண்ணை: "ஊர்க் கசெற் இஞ்சத்தை டெக்கிலை கோடுதான் போடும் தம்பி. மாத்தித்தான் பாக்கவேணும். ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

நான் ஒருவரையும் கேட்கவில்லை.

கடைசிப் பத்து நிமிடம் அழியாமல் மிச்சம். அவருடைய டெக்கில் பார்த்தேன். பந்தி. சனம் சாப்பிடுகிறது. பாயாச வாளி. யாரோ எச்சில் இலை எடுக்கிறார். ஓரத்தில் ஒரு கூறைத் தலைப்பு கடந்து போனது. திருப்பித் திருப்பிப் போட்டேன். முகம் வரவில்லை.

"போதுமே தம்பி?"

மடையன் நான். செத்தவளை இன்னொருதரம் சாகக் கொடுத்தேன்.

மார்ச் 12, செவ்வாய்
பனி. இன்று சொல்லியே ஆகவேண்டும். சாப்பிட்டபின். அதற்குள் யோ. கசெற்றைக் கேட்டாள். கொடுத்தேன். கடைசிக் கட்டம், ஜப்பான் பெட்டை மணக்கோலத்தில் படியிறங்கி வருகிறாள்.

"உவளைப் பாருங்கோ. எங்கடை வசந்தியின்ர நடை. கூறையோடை அவளும் இப்பிடித்தான் நடந்திருப்பாள், என்ன?"

ஓம் என்றேன்.