ஒத்திகை மந்திரி

அம்மாவுக்கு,

நம் மந்திரி வந்த அன்று எங்களைச் சாமான் அறையில் வைத்துப் பூட்டினார்கள். பயப்படாதே, உள்ளே ஒரே கும்மாளம்தான். நான் நலம். உன் முட்டிவலி தேவலையா?

தங்கச்சி கல்யாணத்துக்கு எப்போது வருவாய் என்று கேட்டிருந்தாய். எங்கள் பாஸ்போர்ட் எல்லாம் கம்பெனியிடம் இருக்கிறது. நம் மந்திரி கையெழுத்துப் போட வந்த இரு நாட்டு நட்பு ஒப்பந்தத்துக்கு மேடை போட்டது நாங்கள்தான். அவர் வருவதற்கு முந்தின நாள் மைக்கும் விளக்கும் கேமராவும் சரிபார்க்க ஒத்திகை நடந்தது. நான் நம் மந்திரியாம். எங்கள் சூப்பர்வைசர் இந்த நாட்டு மந்திரியாம். அவரும் நம் ஆள்தான்.

"மந்திரி ஐயா, பெயிண்ட் கையைத் துடைச்சிட்டுக் குலுக்குங்க!" என்று கூட்டாளிகள் கத்தினார்கள்.

குலுக்கிய கையை விடாமல் மைக்கிலேயே கேட்டேன்: "சார், தங்கச்சி கல்யாணம். என் பாஸ்போர்ட்டைக் குடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் கேமராவைப் பார்த்தே சிரித்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் தங்கியிருக்கும் அறையில் ஏசி குளிர் தாங்கவில்லை. யாராவது இங்கே வந்தால் உன் பழைய புடவை ஒன்றைக் கொடுத்தனுப்பு, போர்த்திக்கொள்கிறேன். வேலைக்குப் போகிற வண்டி ஹாரன் அடிக்கிறது.

கல்யாணத் தேதியைத் தள்ளி வை அம்மா. நான் இல்லாமல் தாலி கட்ட விடாதே.

உன் மகன்