மூன்று பஸ் நீளம்

மச்சான், இன்று காலை கோட்டைப் பக்கத்து மான் ஒன்று என் சைக்கிள் கூடையிலிருந்த முருங்கையிலையைத் தின்றுவிட்டு, என் முகத்தையே பார்த்தபடி அசைபோட்டுக்கொண்டு நின்றது. விரட்ட மனம் வரவில்லை. அந்தப் பச்சை மணத்தோடு, போய்ச் சேர்ந்த நீயும் வந்து பக்கத்தில் நின்றாய்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனாலும் டைனோசர் விஷயத்தில் புல்மோட்டை வரைக்கும் என்னை வெல்ல ஆளில்லை. துறைமுகத்தில் உன் கிரேன் ஓய்ந்து நிற்கிற பின்னேரங்களில் அதைக் காட்டித்தான் நீள்கழுத்து டைனோசரைப் பற்றிச் சொல்லுவேன்.

"உடம்பை அசைக்காது. நிண்ட இடத்தில நிண்டு கழுத்தை மட்டும் நீட்டி, சுத்திவர இருக்கிற இலையெல்லாம் வழிச்செடுக்கும். நீளம் மூண்டு பஸ்."

"ஒண்டரை," என்பாய்.

இலங்கைத்துறையில் நான் பிடித்த திருக்கை மீனின் நீளத்தையும் நீ இப்படித்தான் பாதியாக வெட்டினாய். என் கதை எதையும் பாதியாக்கித்தான் வாங்குவாய். திருக்கையைப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் மூன்று பஸ் முழு உண்மை, மச்சான்.

பிறகு வருத்தம் வந்து பாயில் விழுந்தாய்; உன் பற்களும் போயின. வெட்கத்தில் சாப்பாட்டையே தள்ளிவைத்தாய். உன் மனைவி கஞ்சிக் கோப்பையோடு வந்து என்னைத்தான் பார்த்தார்.

"சப்ப ஏலாதவனுக்குச் சாப்பாடென்ன, விடடா," என்றாய் என்னிடம்.

"தரையில நடந்ததிலயே பெரிய மிருகம் ஒரு இலையைக்கூடச் சப்பயில்லை. உருவும், விழுங்கும். மிச்சத்தை வயிறு நாள்கணக்காப் பார்த்துக்கொள்ளும். சப்புற தாடை இல்லாததால தலை சின்னன். தலை சின்னனெண்டபடியாத்தான் கழுத்து அவ்வளவு நீளம். கழுத்தெலும்புக்குள்ள காத்து. இல்லாட்டித் தூக்க ஏலுமோ?"

"முட்டை?"

"தேங்காயளவு. அதுக்குள்ள இருந்து வந்துதான் கிடுகிடெண்டு வளர்ந்தது."

"அப்ப பாதித் தேங்காய்," என்று சிரித்தாய். சிரித்த வாயில் முதல் கரண்டி போனது.

அதன்பிறகு கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவாய். நான் சொல்லச் சொல்ல, யன்னலுக்கு வெளியே துறைமுகத்து மலைகள் முதுகு முதுகாக எழுந்து, சல்லிக் கிராமத்துப் பக்கம் மெல்ல நடக்கும். அவற்றின் கால்களுக்கிடையில் தோணிகள் ஆடும்.

ஒரு பின்னேரம் மூன்று பஸ் என்றேன். நீ வெட்டவில்லை.

"ஓம், மூண்டுதான்."

நானே அவசரமாகப் பாதியாக்கினேன். "சும்மா சொன்னனான் மச்சான், ஒண்டரைதான்."

"இல்லை, மூண்டு," என்று கோப்பையைத் தள்ளிவிட்டாய்.

உன்னைப் பாடையில் தூக்கியபோது பாரமே தெரியவில்லை. எலும்பெல்லாம் காற்று.

இன்றைய மானைப் பற்றித் தேநீர்க் கடையில் சொன்னேன், குதிரையளவு என்று. எல்லோரும் நம்பிவிட்டார்கள். நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன், நீ பாதியாக்க இடம் விட்டு.