உன் மைக்கைக் கழுவிவிட்டேன், அம்மா

என் ஆசை அம்மாவுக்கு,

உன் மைக்கைக் கழுவிவிட்டேன். இதை வேறு யாரிடம் சொன்னாலும், "நல்லதுதானே?" என்பார்கள். அதற்கு மேல் விளக்க எனக்கு வாய் வராது. உனக்குத்தான் தெரியுமே, கடையில் மீதிச் சில்லறை கேட்கக்கூட உன்னைத்தானே முன்னால் தள்ளுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ போன பிறகு மைக்குக்கு என்ன ஆயிற்று என்று உனக்குத் தெரிந்திருக்காது. கருமாதி அன்று செந்தூலிலிருந்து பெரியம்மா வந்து படையல் போட்டார். உன் பச்சைச் சேலையை வைத்தார். வாழையிலையில் நாசி லெமாக், அந்தத் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைக்கூடப் பிரித்து வைத்தார். பிறகு அலமாரியிலிருந்த மைக்கைப் பார்த்துவிட்டார்.

"இதை வைக்காம எதை வைக்கறது? என் தங்கச்சி கையில புடிச்ச சாமான் இதானே?"

சுமங்கலியாகப் போனவளின் பொருள் என்று சொல்லி, சந்தனத்தைக் குழைத்து மைக்கின் தலையிலிருந்த கம்பி வலை முழுவதும் பூசினார். நடுவில் பெரிதாகக் குங்குமம் வைத்தார். எல்லோரும் கும்பிட்டார்கள். அந்த வலையில் ஓட்டை இருக்கிறது, ஈரம் உள்ளே இறங்கிவிடும் என்று எனக்குத் தெரியும். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டதிலிருந்து வயர்களைச் சுருட்டி வைப்பது, கீபோர்டைத் துடைப்பது, ஸ்பீக்கரில் பூஞ்சணம் பிடிக்காமல் பார்த்துக்கொள்வது எல்லாம் என் வேலைதானே. ஆனால் அத்தனை பேர் அழுதுகொண்டே கும்பிடும்போது, "சந்தனம் பூசாதீங்க" என்று எப்படிச் சொல்வது? நீயாக இருந்தால் சொல்லியிருப்பாயா?

அப்புறம் அது உன் படத்துக்கு முன்னாலேயே கிடந்தது. அப்பா லோரி ஓட்டிவிட்டு வந்து சாப்பிட்டுப் படுப்பார். நம் இசைக்குழுவில் உனக்குப் பிறகு பாட ஆள் இல்லாததால் கல்யாணங்களில் வெறும் இசை மட்டும் வாசித்தார்கள். இப்போது ஒருவர் கிடைத்திருக்கிறார். பெயர் மாலா அக்கா. கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். நல்ல குரல், அம்மா. உன் குரலைவிடக் கொஞ்சம் மெலிசு.

போன வாரம் நம் வீட்டு ஹாலில்தான் பயிற்சி. அப்பா உன் மைக்கை எடுத்துக் கொடுத்தார். மாலா அக்கா முதல் வரியைப் பாடியதுமே அப்பா கீபோர்டை நிறுத்திவிட்டார்.

"என்ன இது, போர்வைக்குள்ள இருந்து பாடற மாதிரி கேக்குது?"

டிரம்ஸ் வாசிக்கும் ராஜா அங்கிள் மைக்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாஸ், இது மைக்கா, புள்ளையாரா? ஒரு மாலை போட்டு உண்டியல் வச்சா கோயிலே கட்டிடலாம் லா!"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் கொஞ்சம் சிரித்தார். நீ இருந்திருந்தால் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்திருப்பாய். மாலா அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"அண்ணே, அக்காவோட மைக் எனக்கு வேணாண்ணே. பயமா இருக்கு. வேற ஏதாச்சும் குடுங்க, நான் பாடிக்கறேன்."

"இருக்கறதுல இதான் நல்ல மைக். உன் குரலுக்கு இதான் எடுக்கும்" என்ற அப்பா என் பக்கம் திரும்பினார். "பாப்பா, சனிக்கிழமை கிள்ளான்ல கல்யாணம். அதுக்குள்ள சுத்தமா கழுவி வச்சிடு."

"ம்" என்றேன்.

எனக்குச் சந்தனத்தைப் பற்றிக் கவலை இல்லை. அதற்கு அடியில் வலையில் உன் உதட்டுச் சாயம் இருந்தது. அதற்கும் உள்ளே ஸ்பாஞ்சில் உன் கிராம்பு வாசம் இருந்தது. பாடுவதற்கு முன்னால் கன்னத்தில் ஒரு கிராம்பை ஒதுக்கிக்கொள்வாயே, அந்த வாசம். வீட்டில் யாரும் இல்லாத பகலில் மைக்கின் தலையைத் திருகிக் கழற்றி முகர்ந்து பார்ப்பேன். உன் சேலைகளை அத்தைகள் பங்கு போட்டுக்கொண்டார்கள். தலையணை உறையைப் பெரியம்மா துவைத்துவிட்டார். இந்த வீட்டில் உன் வாசம் இருந்த கடைசி இடம் அதுதான்.

ஒரு வழி யோசித்தேன். பழைய ஸ்பாஞ்சை அப்படியே எடுத்து மூடி போட்ட புட்டியில் வைத்துவிட்டு, புதிது ஒன்று வாங்கிப் போட்டுவிடலாம். அதற்காகத் தனியாக ரயில் ஏறிப் பிரிக்பீல்ட்ஸ் போனேன், அம்மா. கடைக்கு வெளியே நெடுநேரம் நின்றேன். உள்ளே போய்க் கைப்பேசியில் எடுத்த படத்தை நீட்டினேன்.

"தலையோட மாத்திடு மா. பழசு, துரு வேற ஏறியிருக்கும். தூக்கிப் போட்டுடு" என்றார் கடைக்காரர்.

வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். பிறகு, "ஸ்பாஞ்சு மட்டும், அங்கிள்" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன். அன்றைக்கு நான் பேசியது அவ்வளவுதான்.

வியாழக்கிழமை மத்தியானம் மைக்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கைப்பேசியில் பார்த்த வீடியோவில் சொன்னபடி அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, உள்ளே இருக்கும் பகுதியில் தூசி விழாமல் வலையைத் திருகிக் கழற்றினேன். ஸ்பாஞ்சு வரவில்லை. உள்ளே இறங்கிய சந்தனம் காய்ந்து கல் மாதிரி அதைப் பிடித்திருந்தது. புருவம் திருத்தும் உன் சின்ன இடுக்கியால் ஓரத்தைத்தான் பிடித்தேன், மெதுவாக. உதிர்ந்துவிட்டது. முழுதாக ஒரு துண்டுகூட இல்லை. என் உள்ளங்கையில் கறுப்புப் பொடிதான் இருந்தது.

முகர்ந்து பார்த்தேன். பொடி மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. சந்தனமும் துருவும்தான் அடித்தன. பெரியம்மா பூசிய ஈரம்தான் அதை அரித்ததா? இல்லை, இத்தனை வருஷமாக நீ விட்ட மூச்சே அரித்துவிட்டதா? பயிற்சிக்கு முன்னால் நான் முகர்ந்தபோது கிராம்பு வாசம் வந்ததே, அது உண்மையிலேயே இருந்ததா, நானாக நினைத்துக்கொண்டதா? யாரைக் கேட்பது?

பொடியைப் புட்டியில் போட்டு மூடினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுக்கு மாதிரிதான் தெரிந்தது. அதையும் கொட்டிவிட்டேன்.

பிறகு வலையை வெதுவெதுப்பான சவர்க்காரத் தண்ணீரில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தேன். முதலில் மஞ்சளாகச் சந்தனம் போயிற்று. அப்புறம் குங்குமம். உன் சாயம் கம்பி பின்னும் இடங்களில் ஒட்டிக்கொண்டு கடைசிவரை இருந்தது. அதோடு நிறுத்திவிடலாமா என்று பார்த்தேன். பாதி கழுவிய மைக்கை மாலா அக்கா வாயருகே எப்படிப் பிடிப்பார்? தேய்த்தேன். போய்விட்டது. வலையை மின்விசிறிக்குக் கீழே காயவைத்துப் புது ஸ்பாஞ்சைப் போட்டு மூடினேன்.

சனிக்கிழமை மண்டபத்தில் வயர்களை இழுத்து மாட்டிவிட்டு மைக்கை அப்பாவிடம் கொடுத்தேன், சத்தம் சரியாக வருகிறதா என்று பார்க்க. எப்போதும், "ஹலோ, ஹலோ, செக்" என்பாரே. அன்றைக்கு மைக்கை மூக்குக்கு நேராகப் பிடித்து, கண்ணை மூடி மூச்சை இழுத்தார். ஸ்பீக்கர் போட்டிருந்ததால் அந்த மூச்சு மண்டபம் முழுக்கக் கேட்டது. நாற்காலிக்கு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ராஜா அங்கிள், "பாஸ், வாசம் புடிக்கறதுக்கா மைக்கு? பேசுங்க லா!" என்று மேடையிலிருந்து கத்தினார்.

அப்பா என்னைப் பார்த்தார். "நல்லா கழுவிட்டியா, பாப்பா?"

"ம்."

"எல்லாம் போயிடுச்சா?"

"போயிடுச்சுப்பா."

தலையை ஆட்டினார். மைக்கை ஸ்டாண்டில் செருகிவிட்டுக் கீபோர்டுக்குப் போய்விட்டார். நான் வீட்டில் இல்லாதபோது அவரும் அந்த வலையைக் கழற்றி முகர்ந்திருக்கிறார், அம்மா. தெரிந்துதான் என்னைக் கழுவச் சொன்னாரா? நான் கழுவ மாட்டேன் என்று உள்ளுக்குள் நினைத்திருந்தாரா? வீடு திரும்பும்போது வேனில் வானொலி மட்டும்தான் பேசியது.

மாலா அக்கா நன்றாகப் பாடினார். குரல் அப்படியே தெளிவாக வந்தது. முதல் வரிசையில் ஒரு தாத்தா எழுந்து ஆடினார். உனக்குக் கோபம் வராதே? முடிந்ததும் வியர்த்த முகத்தோடு மைக்கை என்னிடம் நீட்டி, "தேங்க்ஸ் பாப்பா, சூப்பரா எடுத்துச்சு" என்றார். வலையில் இளஞ்சிவப்புச் சாயம் ஒட்டியிருந்தது. அங்கேயே நின்று துடைத்துவிட்டேன். பெட்டியில் வைத்து மூடினேன்.

இனி ஒவ்வொரு மேடைக்குப் பிறகும் அதைத் துடைத்துக் காயவைத்து எடுத்து வைப்பேன். யாரும் அதில் எதையும் பூச விடமாட்டேன். வாய் வராவிட்டாலும் கையால் மறைத்துக்கொள்வேன். இதைச் சத்தியமாகச் சொல்கிறேன். யாரும் இல்லாத பகலில் அதைக் கழற்றிப் பார்க்க மாட்டேன் என்று மட்டும் சொல்ல முடியவில்லை, அம்மா. நேற்றும் கழற்றினேன். புது ஸ்பாஞ்சு வாசம்தான் வந்தது. கழற்றியபோது வலை ஏற்கெனவே தளர்ந்திருந்தது. நான் இறுக்கித்தான் மூடியிருந்தேன்.

உன் ஒரே மகள்,
பாப்பா