ஏழு கிலோதான், அக்கா

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து காற்று. மாடியில் காயப்போட்ட வேட்டி பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல். போய்க் கேட்டு வாங்கி வந்தேன்.

வெள்ளிக்கிழமை பெங்களூரு. வாகைக்குளம் ஏர்போர்ட்டில் மதிய விமானம். மகள் வித்யா டிக்கெட் போட்டு அனுப்பிவிட்டாள். என் மனைவி மீனா அங்கே போய் இரண்டு மாதமாகிறது. பேரன் தவழ ஆரம்பித்துவிட்டானாம், பாட்டி இல்லாமல் ஆகாதாம். தாத்தாவுக்கு இங்கே ஓட்டல் இட்லி.

இன்று பெட்டி வேலை. கையோடு கொண்டுபோகும் பை 55, 35, 25 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். சக்கரம், கைப்பிடி எல்லாம் சேர்த்து. முக்கால்வாசிப் பேர் சக்கரத்தை விட்டுவிட்டு அளப்பார்கள். அங்கே போய், அந்தக் கம்பிச் சட்டத்துக்குள் பை இறங்காமல், நாலு பேர் பார்க்கத் துணியை எடுத்து வெளியே போடுவார்கள். என் பை 54. டேப் வைத்து இரண்டு தடவை அளந்தாயிற்று. தெருவில் யார் விமானம் ஏறினாலும் முதலில் என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள். கூட்டுறவு வங்கியில் காலமெல்லாம் சுற்றறிக்கை படித்தவனுக்கு இதெல்லாம் ஒரு காரியமா.

அடியில் போடும் பெட்டி, பதினைந்து கிலோ வரை சும்மா:
அல்வா 3 கிலோ (சம்பந்தியம்மாளின் சிநேகிதிகளுக்கு)
மீனாவின் சேலைகள்
இட்லி அரிசி, அங்கே கிடைப்பது சரியில்லையாம்
மாங்காய் ஊறுகாய். கைப்பையில் கூடாது, அடியில்தான்
பேரனுக்குத் தொட்டில் சேலை
ஆக 14.2. கைப்பையில் என் துணி, மருந்து, கண்ணாடி. 3 கிலோ.

சாயங்காலம் பேச்சியக்கா போன். கூடப் பிறந்தவள், என்னைவிட ஐந்து வயது மூப்பு. திசையன்விளைப் பக்கம் முருங்கைத் தோட்டத்தில் காய் பறிக்கப் போகிறாள். அத்தான் போன பிறகு தனியாகத்தான். மகன் சுடலை பெங்களூரில்.

"ஏலே தம்பி, வெள்ளிக்கெழம பெங்களூரு போறியாம்லா? மீனா சொன்னா."

"ஆமாக்கா."

"சொடலைக்குக் கொஞ்சம் பண்டம் குடுத்துவிடணும். அவன் பெஞ்சாதிக்கு ஆறாம் மாசம்லா, சோறே எறங்கலையாம். முந்திரிக்கொத்து வேணும்னு வாயத் தொறந்து கேட்டிருக்கா, பாவம்."

"ஏழு கிலோதான், அக்கா. அதுக்கு மேல ஒரு கிராம் விட மாட்டான். என் துணிமணியே ஆறே முக்கா வந்துட்டு."

"ஏழா? ரயில்ல மூட மூடயா ஏத்துதாவ."

"அது ரயிலு."

"ஆமா, அது ரயிலு" என்றாள்.

ஏழு கிலோ உண்மை. ஆறே முக்கால் பொய். பதினைந்து கிலோவைப் பற்றி மூச்சே விடவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

காற்று நிற்கவில்லை. மின்சாரம் போய்ப் போய் வருகிறது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். இங்கே எழுதாவிட்டால் வேறு எங்கே எழுதுவது.

போன வருஷம் இதே மாதிரி ஒரு பார்சல். சுடலை வித்யா வீட்டுக்கே வந்து வாங்கிக்கொண்டான். ஏசி மெக்கானிக். வேலை முடிந்து நேராக வந்தவன், சட்டையெல்லாம் அழுக்கு, அந்த வெள்ளைச் சோபாவில் உட்கார்ந்து "மாமா, மாமா" என்று ஊர்க் கதையெல்லாம் கேட்டான். அன்றைக்கென்று சம்பந்தியம்மாளைப் பார்க்க அவர் கல்லூரிச் சிநேகிதிகள் வந்திருந்தார்கள். அதில் ஒரு அம்மாள், "யார் இது?" என்று கேட்டார். மீனா அடுக்களையில், வித்யா ஆபீசில். பதில் சொல்ல நான்தான் இருந்தேன்.

"நம்ம ஊர்க்காரப் பையன். பேரு முத்து."

சுடலைமுத்து. காது குத்தும்போது என் மடியில் உட்கார்ந்து என் சட்டைப் பொத்தானைப் பிய்த்தவன். நான் தாய்மாமன். பேரில் பாதியையும் உறவு முழுவதையும் ஒரே வாக்கியத்தில் முழுங்கிவிட்டேன். அவன் காதில் விழுந்தது. காப்பியைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டான்.

மீனாவோ வித்யாவோ அவனை வரவேண்டாம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. எல்லாம் நானே.

மதியம் மறுபடி அக்கா. பலசரக்குக் கடையிலிருந்து. பின்னால் தராசுத் தட்டுச் சத்தம்.

"அண்ணாச்சி நிறுத்துச் சொல்லுதாரு, மூணு கிலோதான். முறுக்க எடுத்துட்டேன். கொத்தும் கருப்பட்டியும் சுக்கும் மட்டும்."

"ஒரு தடவ சொன்னா புரியாதாக்கா?"

சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

"கோவப்படாதல. கூடுதலுக்குத் துட்டு கெட்டினா விடுவானாம்லா, இங்கன பேசிக்கிடுதாவ. அப்படியா?"

"விடுவான். கிலோவுக்கு அறுநூறு எழுநூறு புடுங்கிருவான்."

"எம்மாடி" என்று வைத்துவிட்டாள்.

அதோடு விட்டுவிடுவாள் என்று நினைத்துத்தான் சொன்னேன். நிம்மதியாகத் தூங்கினேன் மத்தியானம். அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூலை 9, புதன்

கேஸ் சிலிண்டர் வந்தது. பால்காரரிடம் பத்து நாளைக்குப் பால் வேண்டாம் என்றேன். நகம் வெட்டினேன். வேறு ஒன்றும் இல்லை. அக்கா பேசவில்லை.

ஜூலை 10, வியாழன்

வந்துவிட்டாள்.

பத்தரை மணி இருக்கும். பெட்டியைக் கூடத்தில் விரித்துவைத்து ஊறுகாய்ப் பாட்டிலுக்குப் பழைய துண்டு சுற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் "தம்பி" என்று குரல். பெட்டியை அப்படியே தள்ளிக்கொண்டு போய்ப் படுக்கை அறையில் வைத்துக் கதவைச் சாத்தினேன். அறுபத்திரண்டு வயதில், சொந்த வீட்டில், திருடன் மாதிரி. முழங்கால் கட்டிலில் இடித்தது.

அக்கா பஸ் மாறி வந்திருக்கிறாள். முந்தானையால் முகம் துடைத்துக்கொண்டு விசிறிக்கு அடியில் உட்கார்ந்தாள். கையில் ஒரு துணிப்பை, வாய் தைத்தது.

"பைக்குள்ள அடங்கணும்னு தட்டையா வச்சுத் தச்சிருக்கேன். மூணே கிலோ."

பிறகு இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்தாள். நாலு ஐந்நூறு ரூபாய்த் தாள்.

"கெட்ட வேண்டியதக் கெட்டிரு. மிச்சம் இருந்தா சொடலைகிட்டக் குடு."

"எதுக்குக்கா, நானே கெட்டிக்கிடுதேன்" என்றேன்.

ஒரு தடவைதான் சொன்னேன். யாராயிருந்தாலும் மூன்று தடவை சொல்வார்கள், கையைப் பிடித்துத் தள்ளுவார்கள். அவள் எழுந்து வந்து என் சட்டைப் பையில் செருகினாள். நான் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றேன். திருப்பிக் கொடுக்க வேண்டுமென்றால் ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அந்தப் படுக்கை அறைக் கதவைத் திறக்க வேண்டும். அதனால் நின்றேன்.

பொங்கப்படி என்று வருஷா வருஷம் நான் அவளுக்குக் கொடுப்பதே அவ்வளவுதான். கூடப் பிறந்தவளுக்குக் கொடுக்கத்தான் எங்கள் பக்கத்தில் தம்பி, அவள் சுருக்குப் பையிலிருந்து வாங்க இல்லை. எத்தனை நாள் காய் பறித்தால் இது என்று கணக்குப் போட ஆரம்பித்தேன். பாதியில் விட்டுவிட்டேன்.

சாப்பிடச் சொன்னேன். ஓட்டலில் வாங்கி வருகிறேன் என்றேன்.

"வேண்டாம்ல, ரெண்டு மணி பஸ்ஸப் புடிக்கணும். ஒனக்குப் பெட்டி கெட்டுத வேலை கெடக்கும்."

பெட்டி என்றதும் என் கண் சாத்திய கதவுக்குப் போயிற்று. அவள் படுக்கை அறைப் பக்கம் பார்க்கவே இல்லை. மோர் மட்டும் குடித்துவிட்டுப் போனாள். பஸ் ஸ்டாண்டு வரை வண்டியில் கொண்டுபோய் விட்டேன். அந்த அளவுக்காவது தோன்றியதே.

ஜூலை 11, வெள்ளி

பெங்களூரு வந்து சேர்ந்தாயிற்று. இங்கே தூறல், குளிர்.

காலையில் கிளம்பும்போது சுடலை போன். "மாமா, நான் ஏர்போர்ட்டுக்கே வந்து வாங்கிக்கிடுதேன். அந்தப் பக்கந்தான் வேலை. வீட்டுக்கு வர நேரம் இருக்காது." எனக்கு மனசு லேசாகிவிட்டது. நல்ல காலம், தானாகவே சொல்லிவிட்டான் என்று நினைத்தேன்.

வாகைக்குளத்தில் பெட்டியைத் தட்டில் ஏற்றினேன். 14.2. கைப்பையில் அக்காவின் பார்சலும் சேர்த்து 6. கம்பிச் சட்டத்துக்குள் வைத்தார்கள், சுகமாக இறங்கியது. எனக்கு அப்போது ஒரு ஆசை. கொஞ்சம் கூடியிருக்கக் கூடாதா. ஒரு கிலோவுக்காவது பணம் கட்டினால் அக்காவிடம் சொன்னது ஒரு கிலோ அளவுக்காவது உண்மையாகிவிடும்.

"நல்லாப் பாருங்கம்மா, கூடுதல் எதுவும் இருக்கா?"

"இல்ல சார், எல்லாம் கரெக்டா இருக்கு."

"இன்னொரு தடவ நிறுத்துப் பாக்கலாமா?"

அந்தப் பெண் சிரித்தாள். "சார், எல்லாரும் எங்ககிட்டக் குறைக்கத்தான் சண்ட போடுவாங்க." பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

பக்கத்து இருக்கையில் ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர். முதல் தடவை பறக்கிறாராம். அவருக்குச் சக்கரம் சேர்த்து அளப்பது, ஊறுகாய் கைப்பையில் கூடாது என்பது, கொப்பரை எதிலுமே கூடாது என்பது எல்லாம் விளக்கினேன். வாய் பாட்டுக்குப் பேசியது.

இறங்கி வெளியே வந்தால் சுடலை. கம்பெனிச் சட்டை, தலை நன்றாகச் சீவி. ஓடி வந்து என் கையிலிருந்த பெரிய பெட்டியை வாங்கினான். தூக்கிப் பார்த்தான். ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தான்.

பொறியாளர் விடைபெற வந்தவர், "மகனா சார்?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் சுடலையே சொன்னான். "இல்ல சார். ஊர்க்காரப் பையன்."

குத்தலாகச் சொல்லவில்லை. எனக்குச் சுலபமாக இருக்கட்டும் என்றுதான் சொன்னான். அதுதான் தாங்கவில்லை. அப்போதாவது "என் அக்கா மகன்" என்று சொல்லியிருக்கலாம். அவர் தலையாட்டிவிட்டுப் போகும் வரை நின்றேன்.

பார்சலைக் கொடுத்தேன். சட்டைப் பையில் அந்த நாலு தாளும் இருந்தன. அக்கா கொடுத்தது, செலவாகவில்லை, வைத்துக்கொள் என்று சொல்லத்தான் எடுத்தேன். செலவாகவில்லை என்றால் ஏன் என்று கேட்பானே.

"இந்தா, பிள்ளத்தாச்சிப் பொண்ணுக்கு ஏதாவது வாங்கிக் குடு. மாமன் குடுத்ததா இருக்கட்டும்."

சொன்னது நான்தான். இந்த வாய்தான். சுடலைக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனை பேர் போய்வரும் இடத்தில் குனிந்து என் காலைத் தொட்டான்.

டாக்ஸியில் ஏறிய பிறகு திரும்பிப் பார்க்கவில்லை.

ஜூலை 12, சனி

தூறல். பேரன் என் கண்ணாடியை வாயில் வைத்துக் கடித்தான். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

அல்வா அப்படியே இருக்கிறது. சிநேகிதிகளில் ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு நெய் ஆகாது. சம்பந்தியம்மாள் நாகரிகமாக ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டார். மீதி பிரிட்ஜில்.

மீனா: "சுடலை வரலையா? அந்தப் பிள்ளைய ஒரு நேரம் சாப்பிடச் சொல்லணும்னு இருந்தேன்." வேலை இருக்கிறதாம் என்றேன்.

சாயங்காலம் சுடலை போட்டோ அனுப்பியிருந்தான். அவன் மனைவி, வயிறு தெரிய, தரையில் உட்கார்ந்து முந்திரிக்கொத்து தின்கிறாள். வாயெல்லாம் மாவு. கீழே ஒரு வரி: ரொம்ப நன்றி மாமா. பதில் எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் கைகூப்பும் படம் ஒன்று அனுப்பினேன்.

அக்காவிடம் சொல்லிவிட வேண்டும். பணத்தை ஊருக்குப் போனதும் அவள் கையில் கொடுத்துவிட வேண்டும். என்ன சொல்லிக் கொடுப்பது?

ஜூலை 13, ஞாயிறு

அக்காவே பேசிவிட்டாள். கூடத்தில் எல்லாரும் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன்.

"தம்பி, கொத்து நல்லபடியா போய்ச் சேந்துட்டு. அந்தப் பிள்ள ஒரே இருப்புல நாலு தின்னாளாம்."

"சரிக்கா."

"நீ ரெண்டாயிரம் குடுத்தியாம். மாமன் குடுத்தாவன்னு அவனுக்கு ஒரே சந்தோசம். நான் ஒண்ணும் சொல்லிக்கிடல."

கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது.

"அக்கா, ஒரு காரியம். அந்தத் துட்ட நான் பிளேன்ல கெட்டல. கெட்ட வேண்டியதே இல்ல. பதினஞ்சு கிலோ சும்மாவே உண்டு. நான்தான்..."

"தெரியும்ல."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"எவ்வளவு கெட்டணும்னு கேக்க புதன்கெழம பிரவுசிங் சென்டருக்குப் போனேன்லா. அந்தப் பொண்ணு அன்னைக்கே சொல்லிட்டு. ஆச்சி, கையில ஏழு, அடியில பதினஞ்சு, துட்டெல்லாம் வேண்டாம்னு."

"பொறவு எதுக்குத் துட்டக் கொண்டு வந்த?"

"துட்டையும் கையில குடுத்துட்டா ஒனக்கு வேற சாக்கு சொல்ல வராதுல்லா."

சிரித்தாள். சின்ன வயதில் நான் பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் சிரிப்பாளே, அதே சிரிப்பு. கோபம் என்று தேடிப் பார்த்தேன், இல்லை.

"சொடலகிட்டயும் நாந்தான் சொன்னேன், மாமா வீட்டுக்குப் போவாத, ஏர்போர்ட்டுலயே வாங்கிக்கிடுன்னு. ஒனக்கு அங்கன சங்கடம் வேண்டாம்லா."

கீழே ரோட்டில் ஒரு லாரி ஆரன் அடித்துக்கொண்டே போனது.

"வண்டிச் சத்தம் கேக்கு. வெளிய நின்னுதான பேசுத? என் போன்னா எப்பமும் வெளிய வந்துதான் பேசுவ. குளுரு அடிக்கும்ல, உள்ள போ தம்பி."