விசிறி இறக்கையில் வைத்த சந்தனம்

இன்று ஆயுத பூஜை. என் புளி மண்டியில் தராசு, எடைக்கல், இரும்பு அலமாரி எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். சந்தனக் கிண்ணத்தோடு வந்த வேலைக்காரி முனியம்மா, மேசை விசிறியின் கூண்டைத் திறந்து இறக்கையில் பொட்டு வைக்கப் போனாள்.

"றெக்கையில வேணாம், கூண்டு மேல வை" என்றேன்.

"ஓடுற எடத்துலதானுங்க வெக்கணும்" என்றாள்.

நீ சொன்ன அதே சொல். சந்தன வாசனை மூக்கில் ஏறி நின்றுவிட்டது. புளிச் சிப்பங்களுக்கு நடுவே உட்கார்ந்து உனக்கு இதை எழுதுகிறேன். போய்ச் சேராது என்று தெரியும். சேராது என்று தெரிந்தே இதுவரை நான் எதையும் அனுப்பியதில்லை.

போன வருஷம் இதே பண்டிகைக்குக் கொஞ்சம் முன்னால்தான் அந்தக் கம்ப்யூட்டரைப் பெங்களூரிலிருந்து மொரப்பூருக்குக் கொண்டுவந்தாய். உன் இருதயம் பெருத்துவிட்டது, இனி எதையும் நம்பிச் செய்யாதே என்று சேலத்து டாக்டர் சொல்லி முடித்திருந்தார். நீ என்ன செய்தாய்? டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டை மூடி, மெஷின்களை விற்று, ஸ்டேஷன் பக்கத்து உன் வீட்டு முன்னறையில் இந்தப் பெட்டியை வைத்தாய். நீ போனபிறகு உன் மனைவி அதை வைத்து வகுப்பு நடத்தவேண்டும். நீ இருக்கும்போதே அவள் கற்றுக்கொண்டுவிட வேண்டும். உனக்கு இருந்த ஒரே கணக்கு அதுதான்.

"மொரப்பூர்ல எவன்யா கம்ப்யூட்டர் படிக்க வருவான்?" என்று கேட்டேன். வியாபாரி, கேட்காமல் இருக்க முடியுமா.

"சித்தேரியில இருந்து புளிய பஸ் மேல ஏத்திக்கிட்டு வந்தியே, அன்னிக்கி உன்னய எவன்யா நம்புனான்?" என்றாய்.

பூஜையன்று நீ சும்மா இருக்கவில்லை. இன்ஸ்டிடியூட்டில் வருஷா வருஷம் மெஷின் மெஷினாகப் பொட்டு வைத்துப் பழகிய கை. பெட்டியின் பின்பக்கத்துக் கம்பி வலையைக் கழற்றி, சூட்டை வெளியேற்றும் அந்தச் சின்ன விசிறியின் இறக்கையில் சந்தனத்தைக் கெட்டியாக அப்பி, மேலே குங்குமமும் வைத்தாய். "ஓடுற எடத்துலதான்யா வெக்கணும்" என்று எனக்கும் சொன்னாய். நானும் கும்பிட்டேன்.

அதற்குப் பிறகுதான் ஆட்டம் தொடங்கியது. பெட்டி உறுமும். மேசை நடுங்கும். பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த திரையும் சேர்ந்து நடுங்கும். திரையில் எழுத்துகள் தண்ணீருக்குள் கிடப்பதுபோல நெளியும். "எழுத்து ஆடுதுங்கண்ணா, பாத்தா தல சுத்துது" என்று உன் மனைவி எழுந்துபோய்விடுவாள். முதலில் ரயில்மேல் பழி போட்டோம். ரயில் இல்லாத நேரத்திலும் ஆடியது. பிறகு பெங்களூர்க்காரன்மேல் போட்டோம். "பழச பாலீஷ் போட்டு உன் தலையில கட்டிட்டான்" என்றேன். திருகுகளை இறுக்கினாய். நான் சைக்கிள் டியூபை வட்ட வட்டமாக வெட்டி ஒவ்வொரு திருகுக்கும் அடியில் கொடுத்தேன். மேசைக் கால்களுக்குப் பழைய ரப்பர் செருப்பு. உறுமல் கொஞ்சம் தணிந்தது. எழுத்து நிற்கவில்லை. கார்த்திகை போய், மார்கழி போய், தை வந்துவிட்டது. உன் கால் வீக்கம் முழங்காலுக்கு ஏறியிருந்தது. அவள் இன்னும் முதல் பாடத்திலேயே இருந்தாள்.

கடைசியில் விசிறியைத் தனியாகக் கழற்றி, கையில் பிடித்து, விரலால் மெல்லச் சுண்டிவிட்டாய். சுற்றி நின்றது. மறுபடி சுண்டினாய். எத்தனை தடவை சுண்டினாலும் ஒரே இறக்கைதான் கீழே வந்து நின்றது.

"யோவ், உன் தராசு மாதிரியே இருக்குதுய்யா இது" என்றாய்.

தட்டில் புளி ஒட்டிக்கொண்டால் வெறும் தராசே ஒரு பக்கம் சாயும். அது எனக்குத் தெரியாததா? இருவரும் குனிந்து பார்த்தோம். சந்தனம் காய்ந்து கல்லாகி அந்த ஒரு இறக்கையில் உட்கார்ந்திருந்தது. நீ சிரித்த சிரிப்பில் இருமல் வந்து வெகுநேரம் நிற்கவில்லை. பிறகு நகத்தால் சுரண்டினாய்.

"சாமிக்கு வெச்சத சொரண்டுறாரு பாருங்கண்ணா" என்று அவள் பதறினாள்.

"சாமி கோவிச்சுக்கிட்டா என்னத்த எடுத்துக்கும்? அது எடுத்துக்கறதுக்கு என்கிட்ட இன்னும் என்ன பாக்கி இருக்குது?" என்றாய். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள்.

மாட்டி ஓடவிட்டோம். மேசையில் வைத்த டம்ளரில் தண்ணீர் அசையவில்லை. எழுத்து ஆணியடித்ததுபோல நின்றது. அதற்குமேல் நான் வரும்போதெல்லாம் கட்டிலில் படுத்தபடியே ஒன்று சொல்வாய்: "சத்தமே இல்லய்யா. காத்து வருதான்னு கைய வெச்சுப் பாரு." பெட்டிக்குப் பின்னால் உள்ளங்கையை வைப்பேன். வெதுவெதுப்பாகக் காற்று வரும். "வருது" என்பேன். உன் மனைவி தன் பெயரைத் திரையில் வரவழைக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். அந்தக் கொஞ்ச நாள் நானும் நம்பினேன்.

அத்தனை மாதம் ஆடியதில் விசிறி உள்ளே தேய்ந்திருக்கவேண்டும். ஒருநாள் அது நின்றுவிட்டது. ஆடிக்கொண்டிருந்தவரை நின்றால் உடனே தெரிந்திருக்கும். அடங்கி ஓடிப் பழகிய பிறகு நின்றது யாருக்கும் தெரியவில்லை. நீ அசந்திருந்தாய். அவள் அடுப்படியில். தீய்ந்த வாசனை வந்தபிறகுதான் ஓடிவந்தாளாம். பெட்டியைப் பெங்களூருக்கு நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். இனி ஓடாது என்றுவிட்டார்கள். போனதுபோலவே திரும்பி வந்தேன்.

"சரக்கு போயிடுச்சா?" என்று கேட்டாய்.

"போயிடுச்சு" என்றேன். உன்னிடம் பொய் எடுபடாது.

அதற்குப் பிறகு நீயும் வாயைத் திறக்கவில்லை. வலிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம் வந்தேன். "இப்பதாங்கண்ணா கண்ணசந்தாரு, எழுப்பாதீங்க" என்று மெல்லச் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். அறையில் சத்தமே இல்லை. உன் மூக்குக்கு முன்னால் உள்ளங்கையை வைத்தேன். அவள் கதவருகில் நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வைத்த கையை எடுக்காமலே இருந்தேன்.

அவள் இப்போது பென்னாகரத்தில், தம்பி வீட்டில். கூடவே கொண்டுபோன பெட்டியின்மேல் அவளுடைய பழைய சேலை ஒன்று போர்த்தியிருக்கிறது. வகுப்பைப் பற்றி அவளும் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை.

முனியம்மா கூண்டின்மேல் பொட்டு வைத்துவிட்டுப் போய்விட்டாள். விசிறி சத்தமில்லாமல் ஓடுகிறது. கண்ணுக்கு நேரேதான் சுற்றுகிறது. இருந்தாலும் எழுந்துபோய்க் கையை வைத்துப் பார்த்துவிட்டு வந்துதான் இந்த வரியை எழுதுகிறேன்.