கரண்டிமூக்குக்கு இரண்டு கைகள்

டிசம்பர் 2, செவ்வாய்

கீழ்த்தாடையில் வலது கடைவாய்ப் பல் காலையிலிருந்து விண்விண் என்று தெறிக்கிறது. உப்புத் தண்ணீர் கொப்பளித்துவிட்டுக் கழிமுகத்துக்குப் போனேன்.

தண்ணீர் நன்றாக வடிந்திருந்தது. பாலத்துக்கும் படகுப் பட்டறைக்கும் நடுவில் இருக்கும் தெற்குச் சேறுதான் என் பங்கு. எங்கள் பறவைக் குழுவில் ஆளுக்கு ஓர் இடம் உண்டு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து எனக்கு இது. வழக்கம்போலக் கொசு உள்ளான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். வண்டியைத் தவறவிட்டவர்கள் மாதிரி நாலடி ஓடுவதும் நிற்பதும் மறுபடி ஓடுவதும்.

அதில் ஒன்றின் மூக்கு நுனி தட்டையாக அகன்றிருந்தது. கரண்டி மாதிரி.

ஸ்கோப் தொலைநோக்கியில் வலது கண்ணால் பார்த்தேன். இடது கண்ணால் பார்த்தேன். லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். எடை அளவு ஆய்வாளராக இருந்த காலம் முழுக்க எந்தக் கடைத் தராசையும் முதல் நிறுவையில் நான் ஒப்புக்கொண்டதில்லை. வலது இறக்கையில் ஒரே ஓர் இறகு வெள்ளையாக இருந்தது. மூக்கால் சேற்றைக் குத்தியதா, பக்கவாட்டில் துழாவியதா? துழாவியது போல இருந்தது. போல. அதற்குள் ஒரு நாய் ஓடிவர, கூட்டமே எழும்பிப் போய்விட்டது.

கரண்டிமூக்கு உள்ளான்தான் அப்படித் துழாவும். அது என்றால், உலகம் முழுக்கச் சில நூறுதான் மிச்சம். இந்தக் கழிமுகத்தில் யாரும் பார்த்ததே இல்லை. அது என் கண்ணிலா படும்?

வாட்ஸ்அப் குழுவில் போடலாமா? நாளைக்கு யோசிக்கலாம்.

டிசம்பர் 3, புதன்

போட்டேன். எழுதி, அழித்து, மறுபடி எழுதி, 'என்று நினைக்கிறேன்' என்று முடித்துப் போட்டேன்.

முதல் பதில் பல் டாக்டருடையது. குழுவை ஆரம்பித்தவர், விதிகளை வகுத்தவர், யாருக்கு எந்த இடம் என்று பிரித்துக் கொடுப்பவர் எல்லாம் அவர்தான். கண்ணாடி கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கும் மூஞ்சிகள். போட்டோ ஸ்டூடியோ நடத்தும் அம்மா, படம் இல்லையென்றால் அதற்குப் பெயர் கதை என்று எழுதியிருந்தார். அதற்கும் சிரிப்பு.

பிறகு டாக்டர் பாடம் எடுத்தார். மூக்கு நுனியில் சேறு உருண்டு ஒட்டிக்கொண்டால் சாதாரணக் கொசு உள்ளானும் கரண்டிமூக்கு மாதிரிதான் தெரியும். புதிதாகச் சேர்ந்தவர்கள்கூட இதில் ஏமாற மாட்டார்களாம்.

இது எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதானே பார்த்தேன். பார்த்தேனா?

டிசம்பர் 7, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சேர்ந்து கரைமேல் நடப்பது வழக்கம். போகாமலே இருந்திருக்கலாம்.

நான் ஸ்கோப்பை நிறுத்தியதும் டாக்டர் கையைத் தட்டி எல்லாரையும் கூப்பிட்டார். குழுவில் எனக்குத் தராசு என்று பெயர்.

"தராசு சார் வந்துட்டாரு, ஒதுங்கி நில்லுங்கப்பா. அவர் பார்வைக்கு எதிர்ல நின்னா நம்ம மூக்கும் கரண்டியா தெரியும்."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

விதி எனக்குத் தெரியாதா என்று அடுத்துக் கேட்டார். புதிய பறவை ஒன்று பட்டியலில் ஏற வேண்டுமென்றால் குறைந்தது இரண்டு பேர் பார்த்திருக்க வேண்டும். வருடத்தின் கடைசி ஞாயிறன்று படகுப் பட்டறையில் பட்டியலை வாசிப்பார். பார்த்தவர்கள் கை தூக்க வேண்டும். புதுப் பறவைக்கு இரண்டு கை இல்லையென்றால் அந்த இடத்திலேயே கோடு. படம் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. எனக்குத் தெரியும், அதனால்தான் 'என்று நினைக்கிறேன்' என்று போட்டேன் என்றேன். முணுமுணுத்தேன் என்பது இன்னும் சரி.

"உங்க ரெண்டு கையையும் சேர்த்துத் தூக்கினாலும் ஒண்ணுன்னுதான் சார் கணக்கு," என்றார்.

தெற்குச் சேற்றை ஸ்டூடியோ அம்மாவுக்கு மாற்றிவிட்டார். பெரிய லென்ஸ் வைத்திருப்பவர்கள் பார்க்கட்டுமாம். சரி என்றேன். கடைக்காரர்கள் சட்டையைப் பிடிக்க வந்தபோதும் இப்படித்தான் சரி சரி என்று பின்வாங்கிவிட்டு, வெளியே வந்து அறிக்கையில் மட்டும் உள்ளதை எழுதுவேன். இங்கே அறிக்கை வாங்க ஆள் இல்லை.

டிசம்பர் 8, திங்கள்

பல் வலி. அந்த ஆளிடம் போக மாட்டேன்.

டிசம்பர் 10, புதன்

ஊரில் வேறு பல் டாக்டர் இல்லை என்று என் மனைவி நினைவுபடுத்தினாள். வலியோடு இருந்துகொள்கிறேன் என்றேன். என்ன நடந்தது என்று துருவித் துருவிக் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"அவர் அடுத்தவன் வாயைத் திறந்து பார்த்துப் பொழைக்கிறவர். நீங்க வாயே திறக்கறதில்ல. எப்படிங்க ஒத்துப்போகும்?"

பல் வலியோடு சிரிப்பது கஷ்டம்.

டிசம்பர் 14, ஞாயிறு

காலையில் ஃபோனைத் திறந்தால் குழுவே கொதித்துக்கொண்டிருக்கிறது. டாக்டர் விடியும்போதே தனியாகத் தெற்குச் சேற்றுக்குப் போயிருக்கிறார். கரண்டிமூக்கு உள்ளான், படத்தோடு! பக்கவாட்டில் நிற்கிறது, மூக்கு நுனி அகன்று. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது இறக்கையில் ஒரு வெள்ளை இறகு. அதே பறவை.

அவரே கூப்பிட்டார். அவர் என்னைக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. நம் தராசு சார் அன்றைக்கே சொன்னார், நாம்தான் கேட்கவில்லை என்று குழுவில் போட்டிருப்பதாகச் சொன்னார். முதலில் கண்டவர் என்று என் பெயர்தான் வருமாம். தெற்குச் சேறு மறுபடி எனக்கே.

"உங்களுது ஒண்ணு, என்னுது ஒண்ணு. ரெண்டு கை ஆயிடுச்சு சார்."

கண் கலங்கிவிட்டது. வயசாகிவிட்டது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம். ஸ்டூடியோ அம்மா வாழ்த்து அனுப்பினார். பாலத்தருகே என்னைக் கண்டாலே செய்தித்தாளுக்குள் முகத்தை நுழைத்துக்கொள்ளும் எங்கள் குழு வங்கிக்காரர் வீட்டுக்கே வந்து கை கொடுத்தார்.

அவர் போனதும் இவள் கேட்டாள்: "நேத்து வரைக்கும் கண்ணு தெரியாத ஆளு. இன்னிக்குத் திடீர்னு கழுகா?"

டாக்டர் படத்தில் இருப்பது சேறாக இருக்குமோ என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

டிசம்பர் 15, திங்கள்

வெளியூரிலிருந்தெல்லாம் வந்துவிட்டார்கள். கரை முழுக்க முக்காலிகள், பீரங்கி மாதிரி லென்ஸ்கள். டாக்டர் மாப்பிள்ளைத் தோரணையில் அங்கும் இங்கும் நடந்து என்னை எல்லாருக்கும் அறிமுகம் செய்தார். பறவை வரவில்லை. சாயங்காலம் தண்ணீர் ஏறத் தொடங்கியதும் எல்லாரும் கலைந்துபோனார்கள்.

நான் மட்டும் இருந்தேன். மழைநீர்க் குழாய் கழிமுகத்தில் வந்து விழும் இடத்தில் தெளிந்த தண்ணீர் கொஞ்சம் ஓடும். அங்கே நின்றது. வெள்ளை இறகு. கரண்டி மூக்கு.

அது மூக்கைத் தண்ணீரில் முக்கியது. உதறியது. மறுபடி முக்கியது. கரண்டி கரைந்து விழுந்தது.

ஊசி மாதிரி மெல்லிய மூக்கு. கொசு உள்ளான். வெளிச்சம் போகும்வரை பார்த்தேன். எந்தக் கண்ணால் பார்த்தாலும் கொசு உள்ளான்தான்.

அப்படியென்றால் நான் பார்த்ததும் சேறுதான். அன்றைக்கு டாக்டர் சொன்னது சரி. இன்றைக்கு டாக்டர் காட்டியது தப்பு.

வெட்கமா, பயமா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

டிசம்பர் 16, செவ்வாய்

சும்மா இருந்துவிடலாம். யாருக்குத் தெரியும்? கொசு உள்ளான் வந்து சாட்சி சொல்லப்போவதில்லை. முதலில் கண்டவர் என்று என் பெயர். வாழ்நாளில் ஒரு பட்டியலில் ஒரு வரி.

மத்தியானம் டாக்டரைக் கூப்பிட்டு, அது கொசு உள்ளான்தான் என்று சொல்லிவிட்டேன். என்னுடையதும் தப்பு, என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று அதையும் சேர்த்தே சொன்னேன். அவர் மிக நிதானமாகக் கேட்டார்:

"சார், உங்களுக்குப் பேர் கிடைச்சது பொறுக்கலையா, இல்ல எனக்குக் கிடைச்சது பொறுக்கலையா?"

வைத்துவிட்டார்.

டிசம்பர் 18, வியாழன்

குழுவில் டாக்டர் பெயர் சொல்லாமல் எழுதியிருந்தார். கூட்டமாகச் சேர்ந்து ஒரு நல்லது நடந்தால் சிலருக்கு அடிவயிறு எரியுமாம். எல்லாருக்கும் அது யார் என்று புரிந்துவிட்டது. நானும் எழுதினேன்: அது மூக்கைக் கழுவியதைப் பார்த்தேன், அது கொசு உள்ளான், நான் முன்பு சொன்னதும் தவறு.

வங்கிக்காரர் கேட்டார், படம் இருக்கிறதா என்று.

இல்லை.

ஸ்டூடியோ அம்மா குரல் பதிவாகவே பதில் அனுப்பினார். இவள் பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருக்க, அந்தக் குரல் சொன்னது: "அன்னிக்குப் பார்த்தேன்னவரும் இவருதான், இன்னிக்கு இல்லைங்கறவரும் இவருதான். இந்த மனுஷன் முத்திரை குத்தின தராசெல்லாம் ஊர்ல என்ன லட்சணத்துல இருக்கோ."

இவள் கையில் கத்தி நின்றது.

முத்திரையைப் பற்றி என்னடா தெரியும் உங்களுக்கு? மண்டை பொளக்கற வெயில்ல கடை கடையா ஏறி இறங்கினவன் நான். ஒருத்தன் படிக்கல்லையே தூக்கி எறிஞ்சான். கால்ல தழும்பு இருக்கு, வந்து பாருங்க. ஒரு தராசு, ஒரே ஒரு தராசு தப்புன்னு காட்டுங்கடா —

போதும். கையெழுத்து கெட்டுப்போகிறது.

குழுவிலிருந்து என்னை நீக்கவில்லை. ஏன் என்று இப்போதுதான் புரிகிறது. அவருக்கு என் கை வேண்டும்.

டிசம்பர் 22, திங்கள்

கன்னம் வீங்கிவிட்டது. நான் தூங்கும்போது இவள் டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாள்.

டிசம்பர் 23, செவ்வாய்

நாற்காலியில் சாய்ந்ததும் நேர் எதிரே சுவரில் அந்தப் படம். சட்டம் போட்டு, ஒரு ஜன்னல் அளவுக்கு. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அதையே பார்த்தேன். அவ்வளவு பெரிதாக்கினால் நுனியில் ஈரப் பளபளப்புத் தெரிகிறது.

ஊசி போட்டார். பிடுங்கினார். தையல் போட்டார். வாய் நிறையப் பஞ்சை அடைத்துவிட்டு, உதவிக்கு இருந்த நர்ஸை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்.

ஸ்டூலை இழுத்து என் காதோரம் உட்கார்ந்தார்.

"அது மூக்கைக் கழுவினதை நானும் பார்த்தேன். அன்னிக்கு சாயங்காலம் பாலத்து மேலதான் நின்னுட்டிருந்தேன்."

எழப் பார்த்தேன். தோளில் கை வைத்து அழுத்தினார்.

"எத்தனை ஊர்லேர்ந்து வந்துட்டுப் போனாங்க. இனிமே போய் சேறுன்னு சொல்ல முடியுமா? என் மூஞ்சியை எங்க கொண்டு வைப்பேன்? ஞாயித்துக்கிழமை கையைத் தூக்கிடுங்க. ஒரு நிமிஷம்கூட ஆகாது. தெற்குச் சேறு ஆயுசுக்கும் உங்களுது. இல்லேன்னா கரைப் பக்கமே நீங்க வரவேண்டாம்."

தலையை அசைத்தேன். முடியாது என்று.

"தலையை ஆட்டாதீங்க, ரத்தம் வரும்," என்றார். "ஒரு மணி நேரம் நல்லா கடிச்சுப் பிடிங்க. பேசக் கூடாது."

வீட்டுக்கு வந்து பஞ்சைத் துப்பிவிட்டு இவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தூக்குகிறேனா இல்லையா என்று அவள் கேட்கவே இல்லை. ஆறிய பாலைக் கொடுத்து, இடது பக்கமாகக் குடிக்கச் சொன்னாள்.

டிசம்பர் 26, வெள்ளி

அவர் நன்றாகத்தான் பிடுங்கியிருக்கிறார். வேர்கூட மிச்சமில்லை, வீக்கம் வடிந்துவிட்டது. அதையும் எழுதிவைக்க வேண்டும்.

டிசம்பர் 28, ஞாயிறு

போகவேண்டாம் என்றுதான் சட்டை போடும்வரை நினைத்தேன். செருப்பை மாட்டும்போதும் நினைத்தேன்.

பட்டறையில் கவிழ்த்து வைத்த படகுகளின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். நான் உட்கார்ந்த படகிலிருந்து வங்கிக்காரர் எழுந்து வேறு படகுக்குப் போனார். டாக்டர் நடுவில் நின்று, அகர வரிசைப்படி வாசித்தார். ஆலா, எல்லாரும் கை தூக்கினார்கள். கடற்காகம், தூக்கினார்கள்.

"கரண்டிமூக்கு உள்ளான்," என்று படித்துத் தன் இடது கையைத் தூக்கினார். என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

என் வலது கை பேன்ட் பைக்குள் இருந்தது. உள்ளே ஸ்கோப்பின் மூடியை இறுக்கிப் பிடித்திருந்தேன், வியர்வையில் வழுக்கியது. நாக்கு தானாகப் போய்த் தையலைத் தொட்டது. எழுந்து ஓடிவிடலாம் என்று இருந்தது. ஒன்று மட்டும் தெரிந்தது, கை மேலே வராது. தைரியத்தினால் அல்ல. வரவில்லை, அவ்வளவுதான்.

"கை வலிக்குதா சார்?" என்றார் ஸ்டூடியோ அம்மா. யாரோ சிரித்தார்கள்.

டாக்டர் கையை இறக்கவில்லை. வெளியே யாரோ படகுக்கு ஆணி அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் கை லேசாக நடுங்கத் தொடங்கியபோது நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். பேனா தாளில் கோடு கிழிக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் நிமிர்ந்தேன்.

அடுத்ததை வாசித்தார். "கொசு உள்ளான்."

என் கைதான் முதலில் மேலே போனது. கொஞ்ச நேரம் அது மட்டும்தான் நின்றது.

கடைசியில் புது வருடத்துக்கு இடம் பிரித்தார்கள். தெற்குச் சேறு ஸ்டூடியோ அம்மாவுக்கு. என் பெயரை டாக்டர் வாசிக்கவே இல்லை. கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. நாளைக்கு அந்த மழைநீர்க் குழாய்ப் பக்கம் போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். அந்த இடத்தை யாருக்கும் பிரித்துக் கொடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை தையல் பிரிக்க வேண்டும். அவர் முன்னால் வாயைத் திறந்துகொண்டு உட்கார வேண்டும். பயமாகத்தான் இருக்கிறது. போவேன்.