தோப்பு இருந்த இடத்தில் குளம்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி இப்போது தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

செயற்கைக்கோள் அனுப்பும் ரேடார் படத்தில் எது மரம், எது தண்ணீர், எது வெறும் தரை என்று பிரித்துக் குறிப்பதுதானே என் வேலை. போன வாரம் நம் ஊர்ப்படமே என் மேஜைக்கு வந்தது. மரங்கள் வெளுப்பாகத் தெரியும். நம் தோப்போ கன்னங்கரேலென்று இருந்தது. கம்ப்யூட்டர் அதைக் குளம் என்று குறித்துவிட்டது.

"உங்க ஊர்ல புதுசா குளம் வெட்டிட்டாங்களா?" என்று மேலதிகாரி சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். மரத்தை எடுத்துவிட்டுச் சமன்படுத்திய தரையும் தண்ணீர் மாதிரியே கறுப்பாக விழும் அம்மா.

அன்று மாலையே போனில், "தோப்பு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன். "அதுக்கென்ன, ஜோரா இருக்கு. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு" என்றாய்.

மறுநாள் குளத்தை அழித்து, வெறும் தரை என்று என் கையாலேயே குறித்தேன். அப்பா வைத்த மரங்களை யாருக்காக விற்றாய் என்று எனக்குத் தெரியாதா?

அப்பா போனபின் நீ எடுத்து வைத்த பழைய சட்டைகளில் ஒன்றை அனுப்பு, துவைக்காமல். இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஊருக்கு வரும் சிநேகிதி பெட்டியை மூடப் பார்க்கிறாள், முடிக்கிறேன்.

மறுபடி போனில் கேட்பேன். ஜோரா இருக்கு என்றே சொல்லம்மா.

உன் மகள்